குழாயை எடுக்க நல்ல நாள்

1983

ஜூன் 10, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் இந்த வருஷமும் என் தலையில்தான். மற்ற டீச்சர்களோடு சேர்ந்து நானும் அலுத்துக்கொண்டேன். உண்மையில் அங்கே இருக்கும் நேரம்தான் எனக்கு மூச்சுவிடும் நேரம். சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே அந்த வாடை வந்து முகத்தில் அடிக்கிறது. டெட்டால், மூத்திரம், புளித்த கஞ்சி, அதற்கு மேல் ஊதுபத்தி. ஊதுபத்தி மட்டும் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம்.

அம்மா சித்திரையில் புறவாசலில் விழுந்தாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியன். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, 'இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லே, வீட்டுக்கே அழைச்சுண்டு போங்கோ' என்று மூக்கில் ஒரு ரப்பர் குழாயோடு அனுப்பிவைத்தார். கண் திறந்திருக்கிறது, பார்ப்பதில்லை. கிள்ளினால் முகம் சுளிக்கிறது, அவ்வளவுதான். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் எடுத்து, அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்குகிறோம். பகலில் வேலைக்கு வரும் மாடத்தி, மற்ற நேரம் நான்.

இன்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இந்தக் குழாயை எடுத்துவிட்டால் என்ன?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'எடுத்தா பத்து நாள், பதினஞ்சு நாள். திரும்பி எழுந்து உக்காருவான்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எடுன்னும் சொல்ல மாட்டேன், வையின்னும் சொல்ல மாட்டேன். குடும்பமா முடிவு பண்ண வேண்டியது. மதுரையில இருக்கற அண்ணாவைக் கேட்டுண்டு வாங்கோ.'

என்னைக் கேட்டால் போதாதா? போதாதாம். நான் பெண், அதிலும் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். சம்பாதிக்கலாம், பீ அள்ளலாம். முடிவு எடுக்கக் கூடாது.

ஜூன் 19, ஞாயிறு

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

வீரகேரளம்புதூர் பெரியம்மா மகன் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தான். முதலில் மெயின் அருவி, பிறகு ஐந்தருவி, பிறகு அம்மா. ஈரத்தலையும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். 'சித்தி முகம் தெளிச்சியாத்தான் இருக்கு' என்றான். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருக்கிறது, அதைப் புரட்டிக் காட்டலாமா என்று நினைத்தேன். அவன் பெண்டாட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்தாள். 'இது குழாயில எறங்கும்லா?'

புறவாசல் கொடி முழுக்க அவர்கள் வீட்டு ஈர ஜட்டி. அதற்கு நடுவே அம்மாவின் மூத்திரத் துணியைக் காயப்போட இடம் தேடினேன். சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்துப் படுத்து எழுந்தார்கள். 'அப்படியே பழைய அருவிக்கும் ஒரு நடை போயிருவோமா?' என்று பேசிக்கொண்டே கிளம்பினார்கள். மங்குஸ்தான் தோலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 20

ஹார்லிக்ஸை மாடத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் பிள்ளைகளாவது விழுங்கட்டும்.

ஜூலை 3, ஞாயிறு

சங்கிலிப்பாண்டி அண்ணன் வந்தான். மதுரையில் இன்ஸ்பெக்டர், இங்கே வந்தாலும் இன்ஸ்பெக்டர்தான். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விசாரணை செய்தான். எத்தனை தரம் கஞ்சி, யார் புரட்டிப் படுக்க வைப்பது, ஏன் மெலிந்திருக்கிறாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா திரும்பி வரப்போவதில்லை, இப்படிக் கிடத்துவது அவளுக்குச் செய்யும் அவமரியாதை, குழாயை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து நல்லபடியாக அனுப்பி வைப்போம் என்றேன். எதையும் விடாமல் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

'ஏட்டி, பெத்த தாயக் கொல்லச் சொல்லுதியா?'

கொல்லச் சொல்லவில்லை, விடச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது, சனியன். அழுதால் அவன் ஜெயித்த மாதிரி.

பிறகுதான் விஷயம் வந்தது. அவன் மகள் கோமதிக்கு ஆவணி அஞ்சாம் தேதி கல்யாணம், குற்றாலத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. வேலம்மாள் மதினி பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே சொன்னாள். 'அத்தைக்கு இப்பம் ஒண்ணுன்னா ஒரு வருசம் தள்ளிப் போயிரும்லா. மாப்பிள்ளை வீட்டுல காத்துக் கெடப்பாவளா? அத்தையே சொல்லியிருக்காவ, பேத்தி கல்யாணத்தப் பாக்காம கண்ண மூட மாட்டேன்னு.'

சொல்லியிருக்கிறாள்தான். கிடையில் விழாமல் பொசுக்கென்று போய்விட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள், அதுவும் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு முன்னால் நின்று. கறிக்குழம்பில் உப்பு குறைந்தால் இதற்குச் செத்துப்போகலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். எழுபது வருஷம் வாய் ஓயாமல் பேசியவள். அதில் ஆளுக்கு வேண்டியதை ஆள் பொறுக்கிக்கொள்கிறோம். நானும்தான்.

ஜூலை 12, செவ்வாய்

அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நெருப்பாய்க் காய்ச்சல். மூச்சு இழுக்கும்போது கொதிக்கிற உலை மாதிரி சத்தம். டாக்டர், 'இது இயற்கையா வந்த வழி, விட்டுடலாம்னா விட்டுடலாம்' என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். விடுங்கள் என்றேன்.

அவரோ அண்ணனைக் கேட்க மதுரைக்கு போன் போட்டுவிட்டார். சாயங்காலம் ஜீப்பில் மருந்து வந்துவிட்டது, கூடவே ஆக்ஸிஜன் சிலிண்டரும். டிரைவர் சல்யூட் அடித்தான்.

ஜூலை 17

பிழைத்துவிட்டாள்.

'ஆவணி அஞ்சு வரைக்கும் இப்படியே கொண்டுபோயிருங்க டாக்டர்' என்கிறான், பார்க்க வந்த அண்ணன். வாழைத்தாரைப் பழுக்கவிடாமல் வைத்திருக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. சளியை உறிஞ்சி எடுக்கும்போது அம்மாவின் உடம்பு முழுக்கத் துள்ளுகிறது. அதைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அண்ணன் அந்த நேரம் வராந்தாவில் நின்றான்.

ஜூலை 31, ஞாயிறு

இலத்தூரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை வடிவம்மாள். நம் வயலுக்குப் பக்கத்து வயல்காரி. ஈரத்தலை இல்லாமல் வந்த ஒரே ஆள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையைத் தூக்கிப் புண்ணையும் பார்த்தாள். அடுப்படிக்கு வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள். 'என்னத்துக்கு இந்தச் சித்ரவதை? தலை நெறய நல்லெண்ணெய் வச்சி, வெள்ளென முழுக்காட்டி, ரெண்டு எளநியக் குடுத்தா ரெண்டு நாளுல அடங்கிரும். எங்க மாமியாளுக்கு அப்படித்தான் செஞ்சோம். ஆரும் ஒண்ணும் சொல்லல.'

டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாக, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

ராத்திரி முழுக்க அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், நான் கேட்பதும் அதுதானே? அவள் எண்ணெய் என்கிறாள், நான் குழாய் என்கிறேன். படித்ததற்கு அடையாளமாக 'அவமரியாதை', 'இயற்கை' என்று ரெண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். இல்லை, வித்தியாசம் இருக்கிறது. ஒன்று செய்வது, மற்றது விடுவது. இருக்கிறதா? இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

கோமதிக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. நான் போகவில்லை. மண்டபத்திலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு வந்தது. பாயசம் நன்றாக இருந்தது. அம்மாவுக்கு வழக்கம் போல் கஞ்சி.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

அண்ணன் வந்துவிட்டான். கூடவே நம்பிராஜனும். அம்மாவின் இளைய மகன், மிலிட்டரியில் சுபேதார், கல்யாணத்துக்கு லீவில் வந்திருக்கிறான், லீவு முடிய அதிக நாள் இல்லை.

அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். 'எவ்வளவு நாளைக்குத்தான் இப்படிப் போட்டு வதைக்கது? பாவம்லா. டாக்டரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுதாரு. நல்லபடியா அனுப்பி வச்சிருவோம்.'

நல்லபடியாக அனுப்பி வைப்போம். என் வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாறாமல் என் வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. எச்சில் இலையில் எனக்கே பரிமாறின மாதிரி இருந்தது.

அதோடு விட்டானா? செங்கோட்டை ஜோசியரிடம் போய்க் கேட்டு வந்திருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அவிட்டத்திலிருந்து ரேவதி வரை அடைப்பு. அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டுமாம். சனிக்கிழமை போனால் துணைக்கு இன்னொரு பிணம் கேட்குமாம். ஞாயிற்றுக்கிழமை சுத்தமான நாளாம். எடுத்தவுடனே உயிர் போகாது, பத்து நாள் ஆகலாம் என்றேன். மதினி கையமர்த்தினாள். 'பால ஊத்தி ஆளும்பேருமா நின்னா போயிருவாவ. ஆசை அத்துப் போயிருக்கும்லா, பேத்தி கல்யாணம்தான் முடிஞ்சிட்டே.'

குடும்பமாக முடிவு செய்ய வேண்டியது என்றாரே டாக்டர். இதுதான் சார் குடும்பம்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் காரணம் நாறினாலும் காரியம் சரிதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் அம்மாவைத் துடைத்து, புதுச் சேலை சுற்றி, நெற்றியில் திருநீறு பூசினார்கள். மதினி, கோமதி, புது மாப்பிள்ளை, தெரு ஆட்கள் சிலர். யாரும் காப்பி குடிக்கவில்லை. துக்கத்துக்கு முன்னாலேயே துக்கம் காத்தார்கள்.

எடுப்பது யார்? டாக்டர் வரவில்லை, இன்றைக்கு வெளியூராம். அண்ணன் நம்பிராஜனைப் பார்த்தான். சண்டைக்குப் போய் வந்தவன், அவன் தரையைப் பார்த்தான். பிறகு ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'நீயே எடுத்துரு தாயி, உனக்குத்தான் கைப்பழக்கம்.' சொல்லிவிட்டு எல்லாரும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். முடிவு செய்ய நான் ஆகாது, கைக்கு மட்டும் நான்.

பிளாஸ்டரை உரித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவையில் இழுத்தேன். நீளமாக, வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வரும், மூக்கில் எதை இழுத்தாலும் வரும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையில் பசும்பால். வாய் வழியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதை நானும் சொன்னேன். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அது தெரிந்துதான் ஊற்றுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் முதலில் ஊற்றினான். 'அம்மா, நீ போயிட்டு வா தாயி.' நிஜமாகவே அழுதான், அதையும் எழுதுகிறேன். பால் கடைவாயில் வழிந்தது. நம்பிராஜன் ஊற்றினான். அதுவும் வழிந்தது. மூன்றாவது கோமதி. சின்னப் பெண், பிஞ்சுக் கை, துளித் துளியாக விட்டாள்.

அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது.

கோமதி இன்னும் கொஞ்சம் விட்டாள். மறுபடியும் இறங்கியது. புரையேறவில்லை. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். 'அத்தை, ஆச்சி முழுங்குதாவ.'

அந்தச் சிரிப்புக்கு அந்த அறையில் பதில் சிரிப்பு இல்லை. மதினி எட்டிப் பாலாடையைப் பிடுங்கினாள். 'போதும், வையி.'

அனுப்பிவைக்க ஊற்றின பாலை அம்மா குடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 29, திங்கள்

டாக்டரிடம் ஓடினேன். அவருக்கும் ஆச்சரியம். 'முழுங்கற சக்தி திரும்பியிருக்கு. எப்பவோ வந்திருக்கணும், குழாய் இருந்ததால யாரும் பாக்கலே. அதுக்காக நெனவு வந்துடுத்துன்னு எடுத்துக்காதேங்கோ. அது தானா நடக்கற காரியம்.'

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினேன். அண்ணன் அடுப்படி வாசலில் நின்றான்.

'ஒண்ணும் குடுக்காத. குழாய எடுத்தாச்சில்லா, இனி சாமி விட்ட வழி.'

'வாயத் தொறந்துகிட்டு கெடக்காளே அண்ணே.'

'அது தானாத் தொறக்குது. நீதான எடுக்கச் சொன்ன? இப்பம் என்ன புதுசா?'

நியாயமான கேள்வி. அதுதான் எரிகிறது. எடுக்கச் சொன்னது நான். குழாயில் இறங்கினால் வைத்தியம், கரண்டியில் இறங்கினால் சோறு என்று மனசு பிரிக்கிறது. எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது அப்படி? இரண்டும் ஒரே கஞ்சி, ஒரே வயிறு, ஒன்றும் தெரியாத அதே அம்மா. அவனை விலக்கிவிட்டு உள்ளே போய் ஊட்டினேன். ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரம் ஆனது.

செப்டம்பர் 2, வெள்ளி

எல்லாரும் போய்விட்டார்கள். பாடை மூங்கிலுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம், அதை வேண்டாம் என்று சொல்லத் தெருமுனை வரை அண்ணன் தானே நடந்து போனான். அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. நம்பிராஜன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான்.

நவம்பர் 21

தெருவில் என்னை மகராசி என்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழி அக்கா தன் மருமகளிடம் என்னைக் காட்டி, 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்றாள். இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, அம்மா வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், விழுங்கவில்லை. பல்லில் கரண்டியால் இடித்தேன். உதட்டில் ரத்தம். மகராசியாம்.

1984

ஜூன் 24, ஞாயிறு

சீசன் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வரவில்லை. சாக வேண்டிய நேரத்தில் சாகாதவளைப் பார்க்க என்ன இருக்கிறது? ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதிலும் எனக்கு லாபம்தான், புறவாசல் கொடி காலியாக இருக்கிறது.

அக்டோபர் 9

கோமதிக்கு ஆண் குழந்தை. தூக்கிக்கொண்டு வந்தாள், அவள் மட்டும். அம்மாவின் கைக்குள் குழந்தையின் விரலை வைத்தாள். அம்மா ஒன்றும் செய்யவில்லை. 'ஆச்சிக்குத் தெரியுமா அத்தை?' என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன்.

அவள் போன பிறகு அந்தக் கையை நானும் பிடித்துப் பார்த்தேன்.

1985

மார்ச் 5, செவ்வாய்

அம்மா வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 6

காலையிலும் இல்லை, சாயங்காலமும் இல்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் உதடு இறுகுகிறது. கஞ்சியில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்துப் பார்த்தேன். முகத்தை, அப்படித்தான் எனக்குத் தோன்றியது, அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருப்பினாளா, திரும்பியதா?

அன்றைக்கு விழுங்கினாளே, அதை நான் அவள் இஷ்டம் என்றேன். அண்ணன் அது தானாக நடப்பது என்றான். இன்று மூடிக்கொண்டதை அவள் இஷ்டம் என்றால் அன்றைக்குச் சொன்னதும் நிற்கும். தானாக நடப்பது என்றால் ஒன்றரை வருஷமாக நான் யாருக்கு ஊட்டினேன்? எனக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொண்டால் மதினிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 7, வியாழன்

டாக்டர் வந்து பார்த்தார். தொண்டையில் ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை. 'மறுபடியும் குழாய் போட்டுடட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை.'

அண்ணனைக் கேட்க வேண்டாமா என்றேன், பழக்க தோஷம். அவர் வீட்டுக்குப் போய் டிரங்க் கால் போட்டோம். 'உன் இஷ்டம் தாயி. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்' என்றான். என்றைக்கும் இல்லாத மரியாதை. கேட்டபோது கொடுக்காததை, யாருக்கும் வேண்டாம் என்றான பிறகு என் மடியில் கொண்டுவந்து போடுகிறான். தூ.

ஆனால் போன் வைத்துவிட்டு அம்மாவிடம் திரும்பி வந்த பிறகு டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவுக்குப் போக ஆள் யாருமில்லை. அண்ணனின் அந்த நாற்காலியில் நான்தான் இருந்தேன்.

அவளுக்காகவா, எனக்காகவா? தெரியவில்லை. களைத்துப் போயிருக்கிறேன், அது மட்டும் தெரியும். அந்தக் களைப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்பதும் தெரியும். சுத்தமான காரணம் ஒன்று கிடைக்கும் வரை காத்திருந்தால் அவள் மூக்கில் குழாய் ஏறிவிடும்.

வேண்டாம் டாக்டர் என்றேன். பாலும் ஊற்றப்போவதில்லை. பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 11

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். பக்கத்திலேயே இருக்கிறேன்.

மார்ச் 16, சனி

விடிகாலையில் போய்விட்டாள். மூச்சு நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, திங்கள்

நேற்று எல்லாம் முடிந்தது. அண்ணன் கொள்ளி வைத்தான். வந்தவர்களிடமெல்லாம், 'எங்க தங்கச்சி அம்மாவ ஒரு கொற இல்லாமப் பாத்தா, கடைசி வரைக்கும் தன் கையால ஊட்டுனா' என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி ஒன்பது நாள் ஊட்டவில்லை என்று சொன்னேன். 'விடு தாயி, அதெல்லாம் எதுக்கு?' என்று தோளைத் தட்டினான்.

இன்று காலை எழுந்தபோது வெயில் கட்டில் வரை வந்துவிட்டது. ராத்திரி ஒரு தடவைகூட விழிக்கவில்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். வரவில்லை.

குழல்வாய்மொழி அக்கா தன் வீட்டிலிருந்து இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. சூடாக உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. நாலு சாப்பிட்டேன். இன்னும் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள், துக்க வீட்டில் அப்படிக் கேட்கலாமோ என்னவோ.

வைக்கச் சொன்னேன்.